கியூபிட் எண்ணிக்கையை மட்டும் கேட்பவர்களுக்கு

குவாண்டம் கணினியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: அதன் அடிப்படைத் தகவல் அலகான கியூபிட் எத்தனை? 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை ₹6,003.65 கோடி. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1000 கியூபிட் வரையிலான கணினிகளைக் கட்டுவது அதன் முதன்மை இலக்குகளில் ஒன்று. அமராவதியில் 156 கியூபிட் ஐபிஎம் கணினி அமையப்போகிறது என்று 2025-ல் அறிவித்தபோதும் தலைப்பில் நின்றது அந்த எண்தான். இந்த எண்ணிக்கைப் பேச்சிலிருந்து ஒரு கருத்து வளர்ந்து, கல்லூரித் துறைகளிலும் பத்திரிகைகளிலும் கேள்வி கேட்பாரில்லாமல் நிலைத்துவிட்டது. துகள் இயற்பியலின் கோட்பாடுகளைக் குவாண்டம் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பது வெகுதூரத்துக் கனவு என்கிறது அது. முதலில் இயந்திரம் வரட்டும், வந்தபின் அதில் கணக்குப் போட ஜெனீவாவிலும் கலிஃபோர்னியாவிலும் ஆள் இருக்கிறார்கள், தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் இயற்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு அதில் வேலை இல்லை என்றும் சொல்கிறது. இந்தக் கருத்து அடிமுதல் நுனிவரை தவறு என்பதே என் வாதம். இந்தத் துறையின் பெரும்பகுதி வேலை இயந்திரம் வருவதற்கு முன்பே காகிதத்தில் முடிந்திருக்க வேண்டியது. அதில் ஒரு முக்கியமான பங்கு சென்னைத் தரமணியில் நடந்திருக்கிறது. மிச்சமிருக்கும் வேலையில் நமக்கும் பங்குண்டு. காத்திருந்தால் அந்தப் பங்கை நாமே கைவிட்டவர்கள் ஆவோம்.

கணக்கு எது என்று தெரிந்தால்தான் வாதம் புரியும். புரோட்டானுக்குள் குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் வலுவிசையின் கோட்பாடு 1973-லேயே எழுதப்பட்டுவிட்டது. சமன்பாடு ஒரு வரியில் அடங்கும். அந்த ஒரு வரியிலிருந்து புரோட்டானின் நிறையை நம்பத்தக்க துல்லியத்தில் கணக்கிட்டுக் காட்ட 2008 வரை ஆயிற்று. வெளியையும் காலத்தையும் நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, அந்த வலையின்மேல் கோட்பாட்டை எழுதும் வழியை 1974-ல் கென்னத் வில்சன் கொடுத்தார். லாட்டிஸ் முறை என்பது இதுதான். 1970-களின் இறுதியில் புரூக்ஹேவனில் மைக்கேல் குரூட்ஸும் உடன்பணியாற்றியவர்களும் அதைக் கணினியில் ஏற்றினார்கள். 2008-ல் ஒரு ஐரோப்பியக் குழு, யூலிஷ் நகரின் ப்ளூ ஜீன் கணினியைக் கொண்டு, புரோட்டான் உள்ளிட்ட துகள்களின் நிறைகளைச் சில விழுக்காட்டுப் பிழைக்குள் பெற்றது. குவார்க்குகளின் சொந்த நிறை புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். மீதி முழுவதும் அந்த விசையின் ஆற்றல். நம் உடலின் எடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மனிதர்கள் கணக்கிட்டுச் சொன்ன முதல் விடை அது.

இந்த 34 ஆண்டுகளை 'கணினி வளரக் காத்திருந்த காலம்' என்று படிப்பவர்கள் வரலாற்றைத் தவறாகப் படிக்கிறார்கள். குவார்க்குகளை வலையில் வைத்தால் ஒன்று வைத்த இடத்தில் பல முளைக்கும் என்று 1981-ல் நீல்சனும் நினோமியாவும் நிறுவினார்கள். அந்தச் சிக்கலைத் தணிக்க சஸ்கிண்ட் வகுத்த வடிவத்தை அதே ஆண்டில் விரிவாக ஆராய்ந்த மூவரில் ஒருவர் எச். எஸ். சரத்சந்திரா, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1987-ல் ஹைப்ரிட் மாண்டி கார்லோ என்ற முறையும், 1992-ல் டேவிட் கப்லானின் புதிய குவார்க் வடிவமும் வந்தன. 2001-ல் பெர்லினில் கூடிய லாட்டிஸ் மாநாட்டில் அகிரா உகாவா ஒரு மதிப்பீட்டை முன்வைத்தார்: மெய்யான லேசான குவார்க் நிறைகளோடு கணக்கிட ஆகும் செலவு எட்டாத உயரத்தில் இருந்தது. துறையினர் அதற்கு 'பெர்லின் சுவர்' என்று பெயரிட்டார்கள். அதைத் தகர்த்ததில் பெரும்பங்கு ஹாசன்புஷ், லூஷர் போன்றவர்கள் அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் கொண்டுவந்த புதிய கணக்குமுறைகளுடையது. வேகமான இயந்திரம் வரும்வரை கைகட்டி இருந்தவர் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

லாட்டிஸ் முறைக்கு ஓர் எல்லை உண்டு; அங்கேதான் குவாண்டம் கணினி தேவைப்படுகிறது. காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு நிலைக்கும் உரிய எடை நேர் எண்ணாகிவிடும். அதை நிகழ்தகவாகக் கொண்டு மாதிரிகளைப் பொறுக்கிச் சராசரி எடுக்கலாம். நிறையைக் கணக்கிட இது போதும். இரண்டு துகள்கள் மோதியபின் நொடிக்கு நொடி என்ன நடக்கிறது, நியூட்ரான் விண்மீனின் நடுவே நெருக்கித் திணிக்கப்பட்ட பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் முறை உடைந்துவிடும். எடைகள் நேரும் எதிரும் கலப்புமாக ஆடி ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, மிஞ்சும் சிறு விடையைப் பிடிக்கத் தேவையான மாதிரிகள் அடுக்குவேகத்தில் பெருகும். இதற்குக் குறிச் சிக்கல் என்று பெயர். எல்லாக் கோட்பாடுகளுக்கும் பொருந்தும் பொதுத் தீர்வு ஒன்றைத் திறம்படக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மிக அரிது என்பதற்கான வலுவான காரணத்தை 2005-ல் டிராயரும் வீஸும் காட்டினார்கள். இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கும்போது அதை நிகழ்த்திப் பார்க்கும் கருவியும் குவாண்டம் விதிப்படி நடக்கட்டும் என்று 1981-ல் ஃபெயின்மன் சொன்னதன் பொருள் இங்கே விளங்கும். 2012-ல் ஜோர்டன், லீ, பிரெஸ்கில் மூவரும் ஓர் எளிய புலக்கோட்பாட்டை எடுத்து, அதில் துகள் மோதல்களைக் குவாண்டம் கணினி திறம்படக் கணக்கிடும் என்று காட்டினார்கள். ஆகவே குவாண்டம் கணினியின் பயன்களில் மறையாக்கத்தை உடைப்பதையும் பங்குச்சந்தையையும் முன்னால் வைத்துவிட்டு இதைக் கடைசியில் வைப்பது முறையல்ல. இந்தக் கணக்குக்காகவும் இதையொத்த கணக்குகளுக்காகவுமே அந்தக் கருவியின் யோசனை பிறந்தது.

'அப்படியானால் பெரிய இயந்திரம் வந்ததும் கோட்பாட்டை அதில் ஏற்றிவிடலாமே' என்பார்கள். ஏற்ற முடியாது, ஏற்றும் வடிவத்தில் கோட்பாடு எழுதப்பட்டிருக்கவில்லை. வலுவிசைக் கோட்பாட்டின் உள்ளே காஸ் விதி என்றொரு கட்டுப்பாடு இருக்கிறது. வலையின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளியேறும் பாயத்துக்கும் உள்ளே வரும் பாயத்துக்கும் உள்ள வேறுபாடு, அங்கிருக்கும் சுமைக்குச் சரியாக இருக்க வேண்டும். நகரத்தார் பேரேட்டை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒவ்வொரு பக்கத்திலும் வரவும் செலவும் இருப்பும் பொருந்தியாக வேண்டும். ரங்கூன் கடை ஏட்டில் தேவகோட்டைக்குப் பற்று எழுதிய தொகை தேவகோட்டை ஏட்டில் வரவாக நிற்க வேண்டும். 1975-ல் கோகட்டும் சஸ்கிண்டும் தந்த ஹாமில்டோனியன் வடிவத்தை அப்படியே கியூபிட்டுகளில் ஏற்றினால், பொருந்தும் ஏடுகளோடு பொருந்தாத ஏடுகள் அத்தனைக்கும் சேர்த்து இடம் ஒதுக்குகிறோம். பொருந்துபவை அந்தக் குவியலில் மிகச் சிறு பங்கு. வலை பெரிதாகப் பெரிதாக அந்தப் பங்கு இன்னும் சுருங்கும். இன்றைய இயந்திரங்களில் பிழை மலிவு. ஒரு கியூபிட் தடம் மாறினாலும் கணக்கு பொருந்தாத ஏட்டுக்குள் போய் விழுந்து, இயற்கையில் இல்லாத ஓர் உலகத்தின் விடையைத் தரும். கியூபிட்டுகளை இரட்டிப்பாக்குவதால் இது தீராது.

தீர்வு, பொருந்தும் நிலைகளை மட்டுமே எழுத முடிகிற ஒரு மொழியை உருவாக்குவதில் இருக்கிறது. மூடிய வளையங்களாக எழுதலாம் என்பது பழைய யோசனை. வளையங்களோ ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரே நிலையைப் பல விதமாக எழுதிவிட முடியும், எது உபரி என்று பிரிப்பதற்குள் கணக்கு சிக்கிக்கொள்ளும். இந்தச் சிக்கலை இந்தியாவில் ஒரு சிறு குழு விடாமல் பிடித்துக்கொண்டது. 1990-ல் தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தின் ரமேஷ் அனிஷெட்டியும் சரத்சந்திராவும் இத்தகைய கோட்பாடுகளுக்கு ஒரு மாற்று வடிவத்தை வெளியிட்டார்கள். 2000-களின் நடுவில் கொல்கத்தா எஸ். என். போஸ் மையத்தின் மனு மாத்தூர், வலையின் ஒவ்வொரு இணைப்பையும் அதன் இரு முனைகளில் உள்ள எளிய அலைவுகளாகப் பிரித்து எழுதும் 'பிரிபொடென்ஷியல்' முறையைக் கொண்டுவந்தார். வளையங்களுக்கிடையிலான சிக்கல் அதனால் வலை முழுவதும் பரவாமல் அந்தந்தப் புள்ளிக்குள்ளேயே தீர்க்கக்கூடியதாயிற்று. 2010-ஐ ஒட்டி அனிஷெட்டி, மாத்தூர், இந்திராக்ஷி ராய்சௌதுரி மூவரும் அதை மெய்யான வலுவிசையின் சமச்சீரான எஸ்யூ(3)-க்கு நீட்டினார்கள். 2014-ல் அனிஷெட்டியும் ராய்சௌதுரியும் அதைவிட எளிய சமச்சீரான எஸ்யூ(2)-வில் வளையங்களின் இயக்கத்தை உபரியில்லாமல் எழுதிக் காட்டினார்கள். இணையம் வழியாக எவரும் பயன்படுத்தலாம் என்று ஐபிஎம் தன் ஐந்து கியூபிட் கணினியைத் திறந்துவிட்டது 2016-ல்தான் என்பதை இந்த ஆண்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்தின் முதுகெலும்பு. 2020-ல் ராய்சௌதுரியும் ஜெஸ்ஸி ஸ்டிரைக்கரும் அந்தப் பழைய முறையோடு குவார்க்குகளையும் சேர்த்து, வளையம்–இழை–ஹாட்ரான் வடிவம் என்ற ஒன்றை வெளியிட்டார்கள் (ஹாட்ரான் என்பது குவார்க்குகள் சேர்ந்த கூட்டுத்துகள்). ஒரு பரிமாணத்தில் எஸ்யூ(2) கோட்பாட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றே முழு எண்கள் போதும்: வளையம் எத்தனை, உள்ளே வரும் இழை உண்டா, வெளியேறும் இழை உண்டா. காஸ் விதியின் கடினமான பகுதி எழுதும்போதே தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு இணைப்பின் இரு முனைகளிலும் ஒரே எண் நிற்கிறதா என்ற எளிய சரிபார்ப்பு மட்டும் மிஞ்சுகிறது. 2021-ல் சோஹ்ரே தாவூதி, ராய்சௌதுரி, ஆண்ட்ரூ ஷா மூவரும் போட்டி வடிவங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, ஒரு பரிமாணக் கோட்பாட்டில் இந்த வடிவம் செலவு குறைந்ததாகவும் சமச்சீரைக் கெடுக்காததாகவும் தெரிந்தது. 2023-ல் எஸ்யூ(3)-க்கும் வந்துவிட்டது. குவாண்டம் கணினி என்ற பயன் கண்ணில் படாத காலத்தில், தரமணியிலும் கொல்கத்தாவிலும் தாளில் போட்ட கணக்கு, பத்தாண்டு கழித்து உலகின் குவாண்டம் சிமுலேஷன் ஆய்வுக்கு ஓர் அடித்தளமாயிற்று. இயந்திரம் வரட்டும் என்று அவர்கள் இருந்திருந்தால் இந்த வடிவம் வேறெங்கோ வேறு பெயரில் வந்திருக்கும், அல்லது வந்தே இருக்காது.

இன்னொரு சான்றும் உண்டு. இது எண்ணால் பேசுவது. 2024-ல் ரோட்ஸ், கிரெஷ்சுக், பதக் மூவரும் வலுவிசை போன்ற கோட்பாடுகளைப் பிழைதிருத்தும் குவாண்டம் கணினியில் நிகழ்த்த என்ன செலவாகும் என்று கேட்டு, காலத்தைச் சிறு படிகளாக வெட்டிக் கணக்கிடும் பழைய டிராட்டர் முறையையும் புதிய முறைகளையும் ஒப்பிட்டார்கள். கியூபிட்டும் நேரமும் சேர்ந்த மொத்தச் செலவு அதிகபட்சமாக 25 இலக்கங்கள், அதாவது 1-க்குப் பின் 25 சுழி போட்ட மடங்கு, குறைந்தது. 1946-ல் அறிமுகமான ஏனியாக் கணினி நொடிக்கு ஏறத்தாழ 5000 கூட்டல் போட்டது. 2022-ன் ஃபிராண்டியர் மீக்கணினி நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக்கும் சற்று மேலான கணக்குகள் போட்டது. முக்கால் நூற்றாண்டு வன்பொருள் வளர்ச்சி தந்தது 14 இலக்கம். பழைய மதிப்பீடுகள் மிகத் தளர்வான மேல்வரம்புகள், ஆகவே 25-ல் ஒரு பகுதி மதிப்பீட்டை இறுக்கியதால் வந்தது என்று வல்லுநர் ஒருவர் எதிர்க்கலாம். அது நியாயமான எதிர்ப்பு. அந்தப் பகுதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், எந்தத் தொழிற்சாலையும் தர முடியாத ஆதாயம் எழுதுகோலால் கிடைத்திருக்கிறது என்ற முடிவு அசையாது. செலவு இன்னும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. மீதியை இறக்குவதும் பெரும்பாலும் இதே வகை வேலையாகத்தான் இருக்கும். மறையாக்க உடைப்பிலும் இதே கதை: 2048 பிட் பூட்டை உடைக்க 2 கோடி கியூபிட் வேண்டும் என்று 2019-ல் மதிப்பிட்ட குழுவில் ஒருவரான கூகுளின் கிரெய்க் கிட்னி, 2025-ல் பத்து லட்சத்துக்குக் குறைவாகவே போதும் என்று காட்டினார். எத்தனை கியூபிட் வேண்டும் என்ற கேள்விக்கான விடையே கணக்குமுறையைப் பொறுத்து மாறும்போது, கியூபிட்டை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை இனியும் தள்ளிப்போடக்கூடாது. இதுவரை செய்துகாட்டியவை எல்லாம் பொம்மைக் கணக்குகள், சாதாரணக் கணினியிலேயே போடக்கூடியவை என்கிறார்கள். பெருமளவு உண்மை. 2016-ல் இன்ஸ்புருக்கில் நான்கு அயனிகளைக் கொண்டு, வெற்றிடத்திலிருந்து துகளும் எதிர்த்துகளும் தோன்றுவதை ஷ்விங்கர் மாதிரியில் நிகழ்த்தினார்கள். ஒரு பரிமாண மின்காந்தவியல் அது. 2024-ல் சியாட்டில் குழு அதே மாதிரியில், ஐபிஎம் கணினியின் 112 கியூபிட்டுகளில், ஒரு ஹாட்ரான் நகர்வதைக் காட்டியது. சாதாரணக் கணினியில் அதே கணக்கைப் போட்டு விடையைச் சரிபார்க்கவும் முடிந்தது. 2025-ல் நேச்சர் இதழில் வந்த இரண்டு ஆய்வுகள், கூகுளின் கருவியிலும் கியூஎரா நிறுவனத்தின் அணுக்களைக் கொண்ட கருவியிலும், இரண்டு பரிமாணத்தில் இழை அறுபடுவதைக் காட்டின. அவையும் மிக எளிமையாக்கிய கோட்பாடுகளே. ஜெனீவாவின் பெரு ஹாட்ரான் மோதுகருவியில் நடக்கும் மோதலைக் குவாண்டம் கணினி கணக்கிட்டுவிட்டது என்று எவர் எழுதினாலும் அது பொய். அந்த ஆரவாரத்தை நானும் எதிர்க்கிறேன். ஆனால் நான்கு அயனியில் தொடங்கி எட்டே ஆண்டில் நூற்றைத் தாண்டியது வன்பொருளால் மட்டும் வந்த வளர்ச்சியல்ல. சியாட்டில் குழுவினர், சிறிய வலையில் சாதாரணக் கணினியிலேயே கண்டுபிடித்த சுற்றுகளை, சமச்சீரையும் தொடர்புகளின் குறுகிய வீச்சையும் பயன்படுத்திப் பெரிய வலைக்கு நீட்டினார்கள். இன்று சரிபார்க்க முடிகிற கணக்குகளில் முறையைப் பழகிக்கொள்ளாதவர், நாளை சரிபார்க்க முடியாத கணக்கு வரும்போது விடையை எதைக் கொண்டு நம்புவார்?

பணத்தைப் பற்றிய மறுப்பு வேறு வகை. பள்ளிக்கூடங்களுக்கே ஆய்வகம் போதாத நாட்டில் இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்பவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் வேறு. குளிரூட்டிய உறைகலனுக்குள் கியூபிட்டுகளைக் கட்டுவதற்குத்தான் கோடிகள் வேண்டும். கோட்பாட்டை மாற்றி எழுதும் வேலைக்கு ஆளும் நேரமும் புத்தகமும் போதும். தேனி பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகம் போல இதற்கு மலையைக் குடைய வேண்டாம், எவருடைய நிலத்தையும் எடுக்க வேண்டாம். தேசிய இயக்கத்தின் நான்கு மையங்களில் சென்னை ஐஐடிக்குக் கிடைத்தது தகவல்தொடர்பு. கணினிக்கான மையம் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில். தமிழ்நாட்டில் ஏற்கெனவே வேரூன்றிய இந்தக் கோட்பாட்டுப் பணிக்கு அந்தப் பெருந்தொகையில் சிறு துளி போதும்.

கடைசி மறுப்பு நம் ஊரைச் சேர்ந்தது: சிற்றூர்க் கல்லூரி மாணவர்களால் இது முடியாது என்பது. எது முடியாது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். இன்ஸ்புருக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு பரிமாணத்தில் காஸ் விதியைக் கொண்டு மின்புலத்தை முழுவதும் நீக்கிவிடலாம். 1928-ல் ஜோர்டனும் விக்னரும் தந்த மாற்றத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுழற்சியாகிவிடும். நான்கு புள்ளிக்கு 16 நிலைகள். அவற்றில் மொத்தச் சுமை சுழியாக உள்ளவை ஆறு. ஆறுக்கு ஆறு அணி ஒன்றைத் தாளில் எழுதி, அதன் ஐகன் மதிப்புகளைக் கண்டு, வெற்றிடம் காலப்போக்கில் என்னவாகிறது என்று கணக்கிட, அணிக்கோட்பாடும் தொடக்கநிலைக் குவாண்டம் இயக்கவியலும் தெரிந்த மூன்றாமாண்டு மாணவிக்கு முடியும். இருபது புள்ளிக்குப் போனால் நிலையைச் சேமிக்க 16 எம்பி நினைவகம் போதும். அது எந்தக் கல்லூரிக் கணினியிலும் உண்டு. மென்பொருள் இலவசம், ஆய்வுக்கட்டுரைகள் 1991 முதல் ஆர்க்கைவ் தளத்தில் இலவசம். ஆறுக்கு ஆறு அணியிலிருந்து ராய்சௌதுரியின் கட்டுரை வரை போக ஆண்டுகள் ஆகும், நல்ல வழிகாட்டி வேண்டும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வழியின் வாசல் ஜெனீவாவில் இல்லை. கணித அறிவியல் நிறுவனமே மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டில் நடத்திவந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கிலிருந்து பிறந்தது. 1960-ல் நீல்ஸ் போர் வந்து பார்த்து வியந்தார், 1962 ஜனவரியில் நிறுவனம் தொடங்கிற்று. நம் பக்கத்தில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு. பெருநகரத்தில்தான் அறிவியல் நடக்கும் என்ற எண்ணத்தை இந்த மண் ஒருமுறை பொய்யாக்கியிருக்கிறது. இப்போது கேட்கப்படுவது நிலமும் லட்சங்களும் அல்ல; வாரம் ஒரு பிற்பகல்.

ஆகவே காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து இயற்பியல் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த கல்வியாண்டின் முதுகலைத் திட்டத் தலைப்புகளை முடிவு செய்யும்போது நான்கு புள்ளி ஷ்விங்கர் மாதிரியையும் ஒரு தலைப்பாக வையுங்கள். குவாண்டம் கணினி பற்றி ஒரு நாள் கருத்தரங்கு நடத்தினால் கியூபிட் எண்ணிக்கைப் படங்களுக்கு நடுவே காஸ் விதிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தரமணியில் உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒரு வாரம் காரைக்குடிக்கு வந்து வகுப்பெடுக்க வேண்டும். பிழைதிருத்தும் பெரிய இயந்திரங்கள் வரும்போது, அவற்றில் ஏற்றுவதற்கு நாம் எழுதிய கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.